மின் சவுனா ஹீட்டர் நீண்ட நாள் உழைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சவுனா என்பது சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் வியர்த்துக் குளிக்கும் மர அறை. அதற்குள் சுவரில் மாட்டியோ தரையில் நிறுத்தியோ வைக்கும், மேலே கற்கள் நிரப்பிய 3 முதல் 9 கிலோவாட் வரையிலான மின் ஹீட்டர்களைப் பற்றிய பக்கம் இது. ஏறக்குறைய 56 லட்சம் மக்கள் வாழும் ஃபின்லாந்தில் 30 லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள் இருக்கின்றன. அங்கே அடுக்குமாடி வீடுகளில்கூடக் குளியலறையை ஒட்டி ஒன்று இருப்பது சாதாரணம். ஹெல்சிங்கி, எஸ்போ பக்கம் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு வாடகை வீட்டோடு சேர்ந்தே இதுவும் கைக்கு வருகிறது, பெரும்பாலும் எந்த விளக்கமும் இல்லாமல். சென்னை, கோவை அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ்களில் இருப்பதும் இதே வகை ஹீட்டர்தான். அதற்கென்று தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

ஹீட்டர் சீக்கிரம் கெட்டுப்போக முதல் காரணம் எது?

கற்களுக்கு நடுவே காற்று போக வழியில்லாமல் போவது. பலர் தண்ணீர் ஊற்றுவதால்தான் எலிமென்ட் போகிறது என்று நினைக்கிறார்கள். சூடான எலிமென்ட் தண்ணீரைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

எலிமென்ட் என்பது ஒரு எஃகுக் குழாய். அதன் நடுவில் சுருள் கம்பி ஓடும்; கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடுத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். கம்பியில் உண்டாகும் வெப்பம் குழாய்க்கு வந்து, அங்கிருந்து கல்லுக்கும் காற்றுக்கும் போக வேண்டும். கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து, கற்களின் இடுக்குகள் வழியே ஏறி, மேலே சூடாக வெளியேறும் வரை எல்லாம் சரி. கற்கள் உடைந்து துகளாகி இடுக்குகளை அடைத்துவிட்டால் அந்த இடத்தில் வெப்பம் தேங்கும். எலிமென்ட் அங்கே அளவுக்கு மீறிப் பழுத்து, வளைந்து, கடைசியில் உள்ளே கம்பி அறுந்துவிடும். எரிந்துபோன எலிமென்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் மட்டும் நிறம் மாறி, செதில் விட்டு, வீங்கியிருக்கும். அந்த இடத்தைச் சுற்றிக் கல் இறுகிக் கிடந்திருக்கும்.

ஆகவே கற்களைப் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பராமரிப்பில் முக்கால் பங்கு. மின்சார வேலை எல்லாம் மீதிக் கால் பங்குக்குள் அடங்கும்.

கற்களை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எடுத்து அடுக்க வேண்டும்?

வீட்டில் வாரம் ஒன்றிரண்டு முறை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை. தினமும் ஓடினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இடையில் கற்கள் கீழிறங்கி எலிமென்ட்டின் முனை வெளியே தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு அடுக்குங்கள். எலிமென்ட் திறந்து கிடந்தால் அதன் கதிர்வீச்சு நேராகச் சுவர்ப் பலகையில் அடிக்கும். பாதுகாப்பு இடைவெளி சரியாக விட்டிருந்தாலும் மரம் கருக ஆரம்பிக்கும்.

அடுக்குவதற்கு முறை இருக்கிறதா, கொட்டிவிட்டால் போதாதா?

கொட்டவே கூடாது. அரை மணி நேர வேலைதான், ஆனால் கையால் ஒவ்வொன்றாக வைக்க வேண்டிய வேலை.

முதலில் மெயின் போர்டில் ஹீட்டருக்கான ஃபியூஸையோ எம்.சி.பி-யையோ (மின்சாரம் மிகும்போது தானாக விழும் சுவிட்ச்) அணைத்துவிடுங்கள். டைமரைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். ஹீட்டர் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு ஓடியிருந்தால் மறுநாள் காலையில் தொடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கற்களை எல்லாம் எடுத்து ஒரு பழைய துணியில் பரப்புங்கள். அடித்தட்டில் கிடக்கும் துகளையும் மண்ணையும் பிரஷ்ஷால் திரட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இந்தத் துகள்தான் காற்று நுழையும் வாயை அடைப்பது.

அடுத்து கற்களைப் பிரியுங்கள். விரிசல் விட்டது, விரலால் சுரண்டினால் மாவாக உதிர்வது, இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்பது, இவையெல்லாம் குப்பைக்கு. 5 சென்டிமீட்டருக்குக் கீழ் சுருங்கிப்போன கல்லும் அப்படியே. மீதியைத் தண்ணீரில் கழுவித் தூசி போக்குங்கள். புதுக் கல்லையும் கழுவாமல் வைக்கக் கூடாது. வழியில் உரசி வந்த தூசி அதில் நிறைய இருக்கும்.

கற்கள் வெளியே இருக்கும்போதே எலிமென்ட்டுகளைப் பாருங்கள். எல்லாம் நேராக, ஒன்றையொன்று தொடாமல், உடலின் தகட்டிலும் படாமல் நிற்க வேண்டும். லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் காரணம் தேடுங்கள், பெரும்பாலும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு கல் சிக்கியிருந்திருக்கும்.

இப்போது அடுக்குவது. பெரிய கல் அடியில், சிறியது மேலே. எலிமென்ட்டுகளுக்கு நடுவில் கல்லைத் திணிக்காதீர்கள். கல் தன் எடையில் தானே உட்கார வேண்டும், எலிமென்ட்டின் மேல் சாய்ந்து தொங்கக் கூடாது. தட்டையான கல்லைப் படுக்கையாக வைத்தால் அது மூடிபோல் காற்றை மறித்துவிடும், நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மேலே எலிமென்ட் மறையும் அளவுக்கு ஓர் அடுக்கு போதும்; கோபுரம் மாதிரி குவிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் டார்ச்சை அடியிலிருந்து அடித்து மேலே பாருங்கள். அங்கங்கே வெளிச்சம் கசிந்தால் சரியாக அடுக்கியிருக்கிறீர்கள்.

கம்பிவலைக்குள் 80, 100 கிலோ கல் நிற்கும் தூண் வகை ஹீட்டரில் ஒரு வேறுபாடு உண்டு. வலையை ஒட்டிக் கற்களை நெருக்கமாக அடுக்கலாம். எலிமென்ட்டுக்கு நடுவில் உள்ள கற்கள் மட்டும் தளர்வாக இருக்க வேண்டும். கடைசிவரை எடுத்து அடுக்க அரை நாள் ஆகும். அலுப்புப் பட்டு மேல் பாதியை மட்டும் மாற்றினால் பிரச்சினை இருக்கிற கீழ்ப் பாதி அப்படியேதான் கிடக்கும்.

எந்தக் கல்? நம்ம ஊர்க் கருங்கல் ஜல்லி போடலாமா?

வேண்டாம். ஃபின்லாந்தில் சவுனாவுக்கென்று விற்பது ஆலிவின் டயபேஸ், பெரிடோடைட் போன்ற எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த கனமான கற்கள். 20 கிலோ பெட்டிகளாகக் கிடைக்கும். 6 கிலோவாட் சுவர் ஹீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பெட்டி போதும். அளவு 5 முதல் 10 சென்டிமீட்டர்.

கட்டட வேலைக்கு வரும் ஜல்லியில் குவார்ட்ஸ் நிறைய. குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக அமைப்பு மாறி விரியும்; எலிமென்ட்டை ஒட்டிய கல் அந்தச் சூட்டை நெருங்கும். சூடேறி, ஆறி, மேலே தண்ணீரும் விழுந்தால் கல் சீக்கிரமே பிளந்து தூளாகிவிடும். அதோடு 20, 40 மில்லிமீட்டர் ஜல்லி அளவிலும் சிறியது, காற்றுக்கு இடம் விடாது. ஆற்றுக் கூழாங்கல் இன்னும் மோசம். உள்ளே ஈரம் பிடித்திருந்தால் வெடித்துத் தெறிக்கும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெட்டும் ‘கறுப்பு கிரானைட்’ உண்மையில் டோலரைட், டயபேஸுக்கு நெருங்கிய உறவு. அதைப் போடலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. பாறை வகை ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. கந்தகக் கனிமங்கள் கலந்திருந்தால் சூட்டில் நாறும், எஃகை அரிக்கும். சோதித்த கல்லை வாங்கிப் போடுவதுதான் மலிவு, ஏனென்றால் கல்லின் விலை ஒரு எலிமென்ட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

செராமிக் கல், மாக்கல்?

பஞ்சு மாதிரி எடையில்லாத செராமிக் கல்லும் மிருதுவான மாக்கல்லும் சாதாரண எலிமென்ட் ஹீட்டருக்கு ஆகாது. அவை வெப்பத்தைப் போதுமான அளவு வாங்கிக்கொள்வதில்லை, எலிமென்ட் தன் சூட்டிலேயே வேகும். தயாரிப்பாளர் தன் ஹீட்டருக்கென்றே தரும் செராமிக் கல் என்றால் மட்டும் போடலாம். உத்தரவாதக் காலத்தில் வேறு கல் போட்டிருந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

குடிக்கத் தகுந்த மென்னீர். ஹீட்டர்க் கையேடுகளில் வழக்கமாகக் காணும் வரம்புகள்: கால்சியம் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ், இரும்பு 0.2 மில்லிகிராமுக்குக் கீழ், மாங்கனீசு 0.05 மில்லிகிராமுக்குக் கீழ். ஹெல்சிங்கிக் குழாய்த் தண்ணீர் பையன்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் பாறைச் சுரங்கம் வழியாக வருகிறது. அங்கே கவலையே வேண்டாம். கோடை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் இரும்பும் மக்கிய இலைச் சாறும் வரும்.

சென்னைப் போர் தண்ணீர் பல இடங்களில் இந்த வரம்புகளைத் தாண்டிவிடும். கல்லின் மேல் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கீசர் காயிலில் படிகிற அதே சுண்ணாம்புதான் அது. கல்லில் படிந்தால் கல் தண்ணீரை ஆவியாக்குவது மந்தமாகும். எலிமென்ட்டில் படிந்தால் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். ஒரு தடவைக்குத் தேவைப்படுவது சில லிட்டர்தான், ஆகவே ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்கி ஊற்றுங்கள்.

கடல் நீர், உப்புக் கலந்த தண்ணீர், நீச்சல் குளத்துக் குளோரின் தண்ணீர் மூன்றும் கூடவே கூடாது. குளோரைடு துருப்பிடிக்காத எஃகையே ஊசிக் குத்தாக அரிக்கும்.

ஒரு முறைக்கு எவ்வளவு ஊற்றலாம்?

அகப்பை 0.2 லிட்டருக்கு மேல் பிடிக்காததாக இருக்கட்டும். ஊற்றியது மேல் கற்களிலேயே ஆவியாகிவிட வேண்டும், அதுதான் அளவு. வாளியோடு கவிழ்த்தால் பாதி ஆவியாகி முகத்தில் அடிக்கும், மீதி கீழே இறங்கி டெர்மினல் (கம்பிகளை இணைக்கும் முனை) இருக்கும் அடிப்பகுதிக்குப் போகும். கல் முழுதாகச் சூடாவதற்கு முன் ஊற்றினாலும் இதுவே நடக்கும். சவுனாவில் சொய்ங் என்ற சத்தம் வராமல் களகளவென்று ஒழுகும் சத்தம் வந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள்.

யூக்கலிப்டஸ் தைலம் விடலாமா?

நேராகக் கல்லில் விட்டால் தீப்பிடிக்கும். சவுனாவுக்கென்று விற்கும் வாசனைத் திரவத்தைச் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பால், தேன், பியர் எல்லாம் கல்லில் கருகிப் பிசினாக ஒட்டும்.

முன்பு 40 நிமிடத்தில் சூடாகும், இப்போது ஒன்றரை மணி ஆகிறது. ஏன்?

மூன்றில் ஒரு எலிமென்ட் செத்திருக்கலாம், அல்லது ஒரு பேஸ் வராமல் இருக்கலாம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே: 6 கிலோவாட் ஹீட்டர் 4 கிலோவாட்டாக ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், விளக்கு எரியும், டைமர் ஓடும், கல்லும் சூடாக இருக்கும். ஆனால் 80 டிகிரியைத் தொடாமல் 60-லேயே நிற்கும்.

எளியதை முதலில் பாருங்கள். ஃபின்லாந்தின் பழைய அடுக்குமாடிகளில் இன்னும் திருகும் பீங்கான் ஃபியூஸ்தான். ஹீட்டருக்கு மூன்று இருக்கும், அதில் ஒன்று போயிருக்கலாம். எம்.சி.பி. என்றால் மூன்றும் சேர்ந்தே விழும், எனவே சந்தேகம் எலிமென்ட் பக்கம் திரும்பும். கற்களின் ஒரு பகுதி மட்டும் மந்தமாக இருந்து, அங்கே தண்ணீர் விட்டால் சத்தம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்து எலிமென்ட்தான்.

இரண்டும் இல்லையென்றால் மூன்று சந்தேகங்கள் மிச்சம்: கல் அடைப்பு, கதவு இடைவெளி, தப்பான இடத்தில் இருக்கும் சென்சார் (அறையின் சூட்டை அளப்பது). சவுனாவைப் புதுப்பித்தபோது மரச்சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பொதுவான கணக்கு ஒரு கனமீட்டருக்கு ஒரு கிலோவாட். காப்பு இல்லாத கண்ணாடி, டைல்ஸ், செங்கல் பரப்பு ஒவ்வொரு சதுரமீட்டருக்கும் 1.2 கனமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். 6 கனமீட்டர் அறையில் 3 சதுரமீட்டர் கண்ணாடி வைத்தால் அது 9.6 கனமீட்டர் அறைக்குச் சமம். பழைய 6 கிலோவாட் அங்கே திணறும். திணறும் ஹீட்டர் தெர்மோஸ்டாட்டில் அணையாமல் தொடர்ந்து எரியும், அதனாலேயே ஆயுளும் குறையும்.

எலிமென்ட் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டரில் எப்படிப் பார்ப்பது?

இது எலெக்ட்ரீஷியன் வேலை. அவர் சொல்லும் எண் உங்களுக்குப் புரிவதற்காக இங்கே. சப்ளையை அணைத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எலிமென்ட்டின் ஒரு முனையைக் கழற்றி ஓம்ஸ் பார்ப்பார். 230 வோல்ட்டில் 1,500 வாட் எலிமென்ட் சுமார் 35 ஓம், 2,000 வாட் சுமார் 26 ஓம், 3,000 வாட் சுமார் 17.6 ஓம் காட்ட வேண்டும். 6 கிலோவாட் ஹீட்டரில் மூன்று 2,000 வாட் இருக்கும். இரண்டு 26 காட்டி மூன்றாவது முடிவிலி காட்டினால் அது அறுந்துவிட்டது.

அடுத்து 500 வோல்ட் மெக்கரில் எலிமென்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே காப்புத் தடை பார்ப்பார். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் உடனே எலிமென்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அடுத்த பதிலைப் படியுங்கள்.

மாதக்கணக்கில் போடாமல் வைத்திருந்து போட்டால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. எலிமென்ட் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. எலிமென்ட்டின் முனைகளில் அடைப்பு இருந்தாலும், நீண்ட நாள் குளிர்ந்து கிடந்தால் ஈரம் மெல்ல உள்ளே போய்விடும். புது ஹீட்டரே கிடங்கிலும் கப்பலிலும் கிடந்து வந்ததில் இப்படிக் கசிவு காட்டும். சில தடவை சூடாக்கினால் ஈரம் வெளியேறிக் கசிவு நின்றுவிடும்.

ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் எப்படிச் சூடாக்குவது என்பது நியாயமான கேள்வி. சில தயாரிப்பாளர்கள் இந்தக் காரணத்துக்காகவே ஹீட்டரின் சப்ளையை ஆர்.சி.சி.பி. வழியாகக் கொடுக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். சில நாடுகளின் விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. இரண்டையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன். அவர் எலிமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து, ஈரம் பிடித்ததை உலர்த்துவார். நீங்களே ஆர்.சி.சி.பி-யை பைபாஸ் செய்து ‘ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்’ என்று இறங்கினால், அது ஈரமாக இல்லாமல் நிஜமான எர்த் பழுதாக இருந்துவிட்டால், நனைந்த உடம்போடு மின்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

வராமல் தடுக்க வழி சுலபம்: பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் காலியாக ஓட்டிவிடுங்கள்.

நடுவில் தானாக நின்றுவிட்டது, திரும்ப வரவில்லை.

அதிவெப்பக் காப்பு வேலை செய்திருக்கும். ஹீட்டரின் அடியிலோ சென்சார் பெட்டியிலோ ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும். ஹீட்டர் ஆறிய பிறகே அது உட்காரும். கிளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். சில மாடல்களில் 7 கிலோ எடை வைக்கும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும், அதனால் பொத்தான் கெட்டுவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அழுத்துவதற்கு முன் ஏன் விழுந்தது என்று கண்டுபிடியுங்கள். வழக்கமான காரணங்கள் கல் அடைப்பு, ஹீட்டர் மேல் யாரோ துண்டு போட்டது, சென்சார் கீழே நழுவி ஹீட்டரை நெருங்கியது. ஒரு விசித்திரமான காரணமும் உண்டு: சில சென்சார்கள் கடும் குளிரிலும், சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியைத் தாண்டினால், விழுந்துவிடும். குளிர்காலத்தில் சூடாக்காமல் விட்ட கோடை வீட்டில் இதைப் பார்க்கலாம். அறை 18 டிகிரி வரை வெதுவெதுப்பான பிறகு ரீசெட் செய்தால் சரியாகிவிடும்.

மறுபடி மறுபடி விழுகிற காப்பை ஒவ்வொரு வாரமும் அழுத்தி ஓட்டுவது, புகை எச்சரிக்கையின் பேட்டரியைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

சென்சார் எங்கே இருக்க வேண்டும்?

கையேட்டில் உங்கள் மாடலுக்குப் போட்டிருக்கும் இடத்தில். அதோடு காற்று வரும் துவாரத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும்: எல்லாப் பக்கமும் காற்று விடும் வென்ட் என்றால் 1 மீட்டர், சென்சாருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிய வென்ட் என்றால் அரை மீட்டர். குளிர்ந்த காற்று பட்டால் சென்சார் அறை இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்கவே விடாது. குளியலறையைப் புதுப்பித்தவர்கள் வென்ட்டை மட்டும் இடம் மாற்றிவிட்டு சென்சாரை மறந்துவிடுவது நிறைய நடக்கிறது.

டைமரும் கான்டாக்டரும் எப்படிக் கெடும்?

இயந்திர டைமரில் ஒரு சுருள்வில்லும் பற்சக்கரமும். ஈரமும் சூடும் பட்டு மசகு காய்ந்தால் பாதியில் நின்றுவிடும். நின்றால் ஹீட்டர் அணையாது, ஆபத்தே அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் வைத்து, எதிரில் இருந்து, சரியாக அணைகிறதா என்று பாருங்கள். நிற்கிற டைமரைத் தட்டி ஓடவைத்துக் காலம் தள்ளக் கூடாது, மாற்றிவிடுங்கள்.

கான்டாக்டர், அதாவது ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச், பெரிய ஹீட்டர்களில் தனிப் பெட்டியில் இருக்கும். உர்ரென்ற இரைச்சல் வந்தால் காயிலோ தூசியோ காரணம். முனைகள் கருகிக் குழி விழுந்தால் ஒரு பேஸ் மட்டும் விட்டு விட்டு வரும். முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதால் பயன் இல்லை. மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கருகும்.

டெர்மினல், கேபிள் பக்கம் என்ன கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் செம்பு விரிந்து சுருங்கும், திருகு ஒரு நூலளவு தளரும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் இன்னும் தளரும். பழுப்பேறிய லக் (கம்பியின் நுனியில் மாட்டும் உலோக முனை), உருகிய காப்பு, மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை, இவை அதன் அடையாளம். எலெக்ட்ரீஷியன் வரும்போது அடி மூடியைத் திறந்து எல்லாத் திருகையும் இறுக்கச் சொல்லுங்கள். கம்பி கறுத்திருந்தால் கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு வரும் இடத்தில் புது லக் போட வேண்டும். கறுத்த கம்பியை அப்படியே இறுக்கினால் மறுபடி எரியும்.

ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஹீட்டர் வரை வரும் கேபிள் ரப்பர் உறை கொண்டதாக இருக்க வேண்டும். பி.வி.சி. கேபிள் சூட்டில் மொறமொறப்பாகி விரிசல் விட்டுவிடும். ஜங்ஷன் பாக்ஸ் தரையிலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் சவுனாவில் குளிர்ந்த இடம் அதுதான். பருமன்: மூன்று பேஸில் 6 கிலோவாட்டுக்கு 5 கம்பி 1.5 சதுர மில்லிமீட்டரும் 10 ஆம்பியர் ஃபியூஸும். 9 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும் 16 ஆம்பியரும். அதே 6 கிலோவாட்டை ஒற்றை பேஸில் போட்டால் 26 ஆம்பியர் இழுக்கும், 6 சதுர மில்லிமீட்டர் வேண்டும்.

ஒரு எலிமென்ட் போனால் ஒன்றை மாற்றினால் போதுமா?

எத்தனை ஆண்டு ஓடியது என்பதைப் பொறுத்தது. வாங்கி இரண்டு மூன்று ஆண்டுக்குள் போயிருந்தால் ஒன்றை மாற்றி, போனதற்கான காரணத்தைச் சரிசெய்யுங்கள். பத்து ஆண்டு உழைத்துவிட்டுப் போயிருந்தால் மூன்றையும் மாற்றுவது எங்கள் பரிந்துரை. மற்ற இரண்டும் அதே வயசுதானே. கல்லை எல்லாம் எடுத்து, ஹீட்டரைச் சுவரிலிருந்து இறக்கி, அடி மூடியைக் கழற்றும் கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும்போது ஹீட்டரின் பெயர்ப்பலகையில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லுங்கள். எலிமென்ட்டின் காலருக்குப் பக்கத்தில் வாட்டும் வோல்ட்டும் பொறித்திருக்கும், அதையும் ஒப்பிடுங்கள். வாட் சரியாக இருந்தும் வளைவு வேறாக இருந்தால் கல் அடுக்கவே முடியாது. வயரைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஃபின்லாந்து ஹீட்டர்களில் 55 என்று எழுதிய டெர்மினல் ஒன்று இருக்கும். சவுனா ஓடும்போது வீட்டின் மின் வெப்பமூட்டலை அணைக்க உதவும் கம்பி அது. அதைத் தப்பான இடத்தில் மாட்டினால் வீடு முழுக்கக் குளிரும், யாருக்கும் காரணம் புரியாது.

புது எலிமென்ட்டை முதல் தடவை ஓட்டும்போது எண்ணெய்ப் பூச்சு எரிந்து வாடை வரும். வென்ட்டைத் திறந்து வைத்து, ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

குளித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும்?

கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு 10, 15 நிமிடம் ஹீட்டர் ஓடட்டும், வென்ட் திறந்தே இருக்கட்டும். அறையோடு ஹீட்டரின் அடிப்பகுதியும் உலர்ந்துவிடும். பிறகு அணைந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். சவுனாவைக் கழுவும்போது ஹோஸ் பைப்பை ஹீட்டர் பக்கம் திருப்பாதீர்கள். வெளித் தகட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். சுண்ணாம்புக் கறைக்கு 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசல், பிறகு நல்ல தண்ணீரில் துடைப்பு.

நாங்கள் சவுனாவே போடுவதில்லை, சாமான் போட்டு வைத்திருக்கிறோம்.

அரிசி மூட்டை, சூட்கேஸ், குழந்தையின் பழைய வண்டி என்று அடைத்துவைப்பது நம்மவர்கள் மட்டும் செய்வதல்ல, ஃபின்லாந்துக்காரர்களும் செய்கிறார்கள். அங்கே தீ விபத்துக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஹீட்டர் மேல் துணி காயப்போடுவதும் உண்டு. டைமரில் கை பட்டாலோ குழந்தை திருகினாலோ போதும். சாமான் வைப்பதென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஹீட்டரின் இணைப்பையே துண்டித்துவிடுங்கள். அதுவரை மெயின் போர்டில் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். ஹீட்டருக்கு மேலே கொடிக்கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கிளப் ஹவுஸ் சவுனாவுக்குத் தனியாக என்ன?

நாள் முழுக்க ஓடுவதால் கல் சீக்கிரம் உதிரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அடுக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள், தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள். நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்து ஈர உடையைக் கல்லின் மேல் பிழிவதும், கையில் அகப்பட்ட குளத்துத் தண்ணீரை ஊற்றுவதும்தான் இங்கே எஃகை அரிக்கும் முதல் காரணம். கதவில் அறிவிப்பு ஒட்டுவதைவிட உள்ளே ஒரு வாளி நல்ல தண்ணீரும் சிறிய அகப்பையும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பலன் தரும். கடலோரம் என்றால் அடி மூடிக்குள் டெர்மினல்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வோல்டேஜையும் கவனியுங்கள். திறன் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 230-க்குச் செய்த எலிமென்ட்டுக்கு 250 வந்தால் 18 சதவீதம் கூடுதல் சூடு. இரவில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வோல்டேஜ் ஏறும் வளாகங்களில் எலிமென்ட் அடிக்கடி போவதற்கு இதுவும் காரணமாக இருக்கும். மூன்று பேஸையும் இரவு நேரத்தில் அளந்து பாருங்கள். தொடர்ந்து அதிகமாக இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

எதையெல்லாம் நாமே செய்யலாம்?

கல், துடைப்பு, டைமர் சோதனை, ரீசெட் பொத்தான், வென்ட் சுத்தம். அடி மூடியைத் திறக்கும் எந்த வேலையும் உரிமம் பெற்றவருக்கு. ஃபின்லாந்தில் நிலையாக இணைத்த மின்கருவியில் கைவைக்கச் சட்டமே அனுமதிக்காது. வாடகை வீடு என்றால் பழுதை முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

எப்போது ஹீட்டரையே மாற்றுவது?

எலிமென்ட் போனதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். உள் தகடு துருப்பிடித்து எலிமென்ட்டைப் பிடிக்கும் தாங்கி ஆடினால், கல் அடுக்கும் கூடை வளைந்து சுவர்ப்பக்கம் சாய்ந்தால், உதிரி பாகம் கிடைக்காத மாடலாகிவிட்டால் மாற்றுங்கள். புதியதை வாங்கும்போது பழையதன் கிலோவாட்டைப் பார்த்து வாங்காமல், மேலே சொன்ன கனமீட்டர்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கிலோவாட் கூடினால் மெயின் போர்டிலிருந்து வரும் கேபிளும் ஃபியூஸும் அதற்குத் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.